இருநூறால் வகுக்க வேண்டிய எண்

சென்ற ஆடி மாதத்தில், லேக் மார்க்கெட்டுக்குப் பின்புறச் சந்தில் நான் குடியிருக்கும் வீட்டின் வாசற்படி வரையில் மழைத் தண்ணீர் ஏறி நின்ற ஒரு மாலையில், வெளியே போக வழியில்லாமல் கணினியின் முன் அமர்ந்து, வெகுநாளாக மனத்தில் வைத்திருந்த ஒரு சிறு கணக்கைப் போட்டு முடித்துவிடலாம் என்று தொடங்கினேன். வங்காளிகளும் தமிழர்களும் ஓர் ஆண்டில் எவ்வளவு மீன் உண்கிறார்கள் என்பதே அந்தக் கணக்கு. கொல்கத்தாவில் மீனைப் பற்றிய சம்பாஷணை ஒருநாளும் ஓய்வதில்லை. இலிஷ் மீனின் பருவம் தொடங்கிவிட்டால் டிராம் வண்டியிலும் தேநீர்க் கடையிலும் வேறு பேச்சே கிடையாது. அவரவர்க்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. எனக்கு எண் வேண்டியிருந்தது.

அதற்கான மூலப்பொருள் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 68-ஆவது சுற்று. 2011 ஜூலை முதல் 2012 ஜூன் வரை, நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களின் வீட்டு வாசலில் போய் நின்று, அரிசி எவ்வளவு, பருப்பு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, மீன் எவ்வளவு என்று பொறுமையாகக் கேட்டு எழுதிய கணக்கு அது. அதன் மூலக் கோப்பைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் சொற்கள் இரா; இடைவெளியின்றி நெருக்கிய இலக்கங்கள்தாம் வரிவரியாக ஓடிக்கொண்டிருக்கும். எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரையில் மாநிலம், எந்த இடம் வரையில் மாவட்டம், எங்கே குடும்பத்தின் ஆள்கணக்கு என்பதெல்லாம் தனியான ஒரு விளக்கத் தாளில் எழுதியிருக்கும். மேற்கு வங்கத்தின் குறியெண் 19. தமிழ்நாட்டின் குறியெண் 33. ஒவ்வொரு வரியின் கடைக்கோடியிலும் ஒரு பெருக்கி இருக்கும். மாதிரியில் அகப்பட்ட ஒரு குடும்பம், அகப்படாத எத்தனை குடும்பங்களுக்குப் பிரதிநிதியாக நிற்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. அந்தப் பெருக்கியால் ஒவ்வொரு குடும்பத்தின் கணக்கையும் பெருக்கிக் கூட்டினால் நாட்டின் கணக்கு கிடைக்க வேண்டும்.

மீனுக்குப் போவதற்கு முன்னால், வழி சரிதானா என்று பரீட்சித்துக்கொள்வதற்காக, நாட்டின் மொத்த ஜனத்தொகையை அதே முறையில் கூட்டிப் பார்த்தேன். 2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கெடுப்பு 121 கோடி என்று சொல்லுகிறது. மாதிரிக் கணக்கு அதற்குச் சற்றே குறைவாக வருவது வழக்கம் என்று கேள்விப்பட்டிருந்தேன். எனக்கு வந்ததோ நூற்றைம்பது கோடிக்கும் மேலே.

இந்தக் கூட்டலைச் செய்த கணினி நிரலை நான் அன்றுதான் எழுதினேன் என்றால் மனம் அவ்வளவு கலங்கியிராது. மூன்று மாத காலமாக அதே நிரலைக் கொண்டு, தலைக்கு இவ்வளவு அரிசி, தலைக்கு இவ்வளவு பால் என்று சராசரிகள் எடுத்து, இரண்டு நண்பர்களுக்கு அனுப்பியும் வைத்திருந்தேன். எல்லாம் பொருத்தமாகவே வந்திருந்தன. சராசரி என்பது ஒன்றை மற்றொன்றால் வகுப்பது அல்லவா? மேலே உள்ள எண்ணும் கீழே உள்ள எண்ணும் ஒரே அளவில் வீங்கியிருந்தால், வகுக்கும்போது அந்த வீக்கம் அடிபட்டுப் போய், விடை ஆரோக்கியமான முகத்தோடு வெளியே வருகிறது. மொத்தத்தைக் கேட்கிற வரையில் பிழை தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. சராசரியை மட்டுமே பார்த்துத் திருப்தி அடைகிறவர்கள் அனைவரும் ஒருமுறையேனும் மொத்தத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்று அன்றுமுதல் நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான் உபயோகிப்பது ஆர் என்னும் புள்ளியியல் மொழி. நியூஸிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் என்ற இரண்டு ஆசிரியர்கள் 1990-களின் தொடக்கத்தில் எழுதத் தொடங்கி, 2000 பிப்ரவரி 29-இல் முதல் முழுப் பதிப்பாக வெளிவந்து, இன்று உலகெங்கும் காசில்லாமல் கிடைக்கிற மொழி. அதில் நிகழும் பிழைகள் இரண்டு ஜாதி. ஒரு ஜாதிப் பிழை, சிவப்பு எழுத்தில் ஏதோ ஒன்றை எழுதிவிட்டு வேலையை நிறுத்திவிடும். அது நமக்குச் செய்யும் உபகாரம் என்றே சொல்ல வேண்டும். மற்றொரு ஜாதி, ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் விடையைக் கொடுத்துவிட்டுப் போகும். எண்கள் நிறைந்த ஒரு பத்தியில் எங்கோ ஓரிடத்தில் ஒரே ஒரு சிறு கோடு விழுந்திருந்தால், பழைய பதிப்புகளில், அந்தப் பத்தி முழுவதும் சொல்லாகி, பிறகு தானாகவே வகைகளின் பட்டியலாகி, அதை மறுபடி எண்ணாக்கு என்று நாம் கேட்கும்போது, 450 இருந்த இடத்தில் அது பட்டியலில் ஏழாவது என்ற காரணத்தால் 7 என்று தந்துவிடும். 2020-இல் வந்த நான்காம் பதிப்பில்தான் அந்தத் தானியங்கும் வழக்கத்தை மாற்றினார்கள். அதுவரையில் எத்தனை ஆராய்ச்சி மாணவர்கள் எத்தனை இரவுகளை அதற்குக் கொடுத்தார்களோ!

இரண்டு வாரம் நான் தனியாகவே போராடினேன். நிரலை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் வாசித்தேன். நாம் எழுதியதை நாமே வாசிக்கும்போது, கண் வாசிப்பது எழுதியதை அல்ல, எழுத நினைத்ததை. ஆகையால் எத்தனை முறை வாசித்தும் பலனில்லை. கடைசியில், இணையத்தின் வழியே ஒருவருக்கொருவர் சந்தேகம் கேட்டுத் தீர்த்துக்கொள்ளும் முகமறியாப் புள்ளியியல்காரர்களிடம் என் குறையைக் கொண்டுபோய் வைத்தேன். மூன்று நீண்ட பத்திகள். என்னவெல்லாம் செய்தேன், எவ்வளவு பாடுபட்டேன் என்ற விருத்தாந்தம். கீழே நூற்றெண்பது வரி நிரல். நான்கு நாள் யாரும் வாய் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் ஒருவர் மட்டும், "உங்கள் கோப்பு எங்களிடம் இல்லை. உங்கள் விடை தவறு என்பதை நாங்கள் எங்கள் மேஜையில் எப்படிக் காண்பது?" என்று எழுதியிருந்தார். அப்போது எனக்கு அது கடுமையாகத்தான் பட்டது.

மாடியில் குடியிருக்கும் முதியவர் ஒருவர், உத்தியோக காலம் முழுவதும் கணக்குப் புத்தகங்களோடு வாழ்ந்தவர், அன்று மாலை ஒரு கிண்ணத்தில் கடுகெண்ணெய் விட்டுப் பிசறிய பொரியோடு கீழே இறங்கி வந்தார். அவரை நான் தாதா என்றுதான் அழைப்பேன். வங்க வழக்கில் அது அண்ணன் என்பதற்கு ஈடான மரியாதைச் சொல். என் கதையை முழுவதும் கேட்டுவிட்டு, "நீ செய்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறாய், தம்பி. நான் செய்து பார்ப்பதற்கு ஏதாவது கொடு. ஒரு லட்சம் வேண்டாம், இருபது கொடு. பென்சிலும் கொடு" என்றார்.

இருபது வரி எடுத்தேன். எந்த இருபது என்பதில்தான் கொஞ்சம் யோசனை வேண்டியிருந்தது. எல்லாம் வங்காளத்திலிருந்தே எடுத்தால் வங்காளத்தின் பிழைதான் தெரியும். ஆகவே மாநிலப் பட்டியலின் தொடக்கத்திலிருந்து ஜம்மு-காஷ்மீர், சற்றுக் கீழே உத்தரப் பிரதேசம், பிறகு மேற்கு வங்கம், தமிழ்நாடு என்று நான்கு மாநிலங்களிலிருந்து ஐந்தைந்து குடும்பங்கள். நிரலை அந்த இருபதின் மேல் ஓடவிட்டால், மாநிலப் பெயர்ப் பட்டியலோடு சேர்த்து ஒட்டுகிற இடத்தைத் தாண்டியதும் பத்து வரிகள்தாம் எஞ்சி நின்றன. தாதா பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். ஒரு லட்சத்தில் முப்பதினாயிரம் மறைந்தால் கண்ணுக்குத் தெரியவில்லை. இருபதில் பத்து மறைந்தால் குழந்தைக்கும் தெரியும்.

காரணம் மிக அற்பமானது. கணக்கெடுப்புக் கோப்பில் ஜம்மு-காஷ்மீரின் குறியெண் 01. உத்தரப் பிரதேசத்தின் குறியெண் 09. நான் தயாரித்து வைத்திருந்த பெயர்ப் பட்டியலிலோ அவை வெறும் 1, வெறும் 9. முன்னால் நிற்கும் பூஜ்யம் மதிப்பில்லாதது என்று நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் சொல்லாக வைத்திருக்கும் 01-உம் எண்ணாக வைத்திருக்கும் 1-உம் கணினிக்கு இரண்டு வேறு பதார்த்தங்கள். இரண்டு பட்டியல்களை ஒட்டும்போது, ஜோடி அகப்படாத வரிகளை ஆர் மொழி, நாம் வேறுவிதமாகச் சொல்லியிருந்தாலன்றி, மௌனமாக விலக்கிவிடுகிறது. ஒன்றிலிருந்து ஒன்பது வரையில் உள்ள எல்லாம், அதாவது இமாசலமும் பஞ்சாபும் தில்லியும் ராஜஸ்தானும் உத்தரப் பிரதேசமும் பிறவும் சேர்ந்து, தேசத்தின் ஜனங்களில் பத்தில் மூன்று பங்கு, என் கணக்கிலிருந்து சத்தமின்றி வெளியேறியிருந்தது.

பூஜ்யத்தைச் சரிசெய்து மறுபடி ஓடவிட்டேன். நூற்றைம்பது கோடி என்று இருந்தது இருநூறு கோடியைத் தாண்டிவிட்டது.

அந்த இரவை நான் மறக்க மாட்டேன். ஒரு பிழையைக் கண்டுபிடித்து, அது பிழையென்று சந்தேகத்துக்கு இடமின்றி நிச்சயித்து, அதைத் திருத்திய பின்னர் விடை முன்னைவிட மோசமானால், திருத்தியதே தவறோ என்ற மயக்கம் மனிதனுக்கு உண்டாகிறது. பழைய பிழையைத் திரும்ப உள்ளே வைத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஒரு பிழை கணக்கை ஏற்றிக்கொண்டும் மற்றொரு பிழை அதே கணக்கை இறக்கிக்கொண்டும் இருந்து, இரண்டும் கூட்டுச் சேர்ந்து, அபத்தமான விடையை வெறும் விசித்திரமான விடையாகக் காட்டிக்கொண்டிருந்தன என்பது காலையில்தான் தெளிந்தது. முதல் நாளே இருநூறு கோடி வந்திருந்தால் நான் அன்றே உஷாராகியிருப்பேன்.

இரண்டாம் முறை கேட்டபோது என் கேள்வி பத்து வரிகளுக்குள் அடங்கிற்று. இதோ இருபது குடும்பங்கள். இதோ அவற்றின் மேல் ஓடுகிற ஒன்பது வரி நிரல். எனக்குக் கிடைத்த விடை இது. நான் எதிர்பார்த்தது இது. அவ்வளவுதான். ஒரு மணி நேரம் ஆகவில்லை, முன்பின் அறியாத ஓர் அம்மையார், எந்த ஊரிலிருந்தோ, "ஐயா, பெருக்கிக்கு முன்னால் உள்ள இரண்டு பத்திகளையும் விளக்கத் தாளில் பார்த்தீர்களா? நீங்கள் நூறால் வகுத்திருக்கிறீர்கள். பெரும்பாலான வரிகளுக்கு இருநூறால் வகுக்க வேண்டும்" என்று பதில் எழுதினார். எழுதியதோடு நில்லாமல், என் இருபது வரிகளைத் தம் கணினியில் ஓட்டி, தமக்குக் கிடைத்த விடையையும் கீழே வைத்திருந்தார்.

நூறு என்பது எனக்குத் தெரிந்ததே. பெருக்கியின் கடைசி இரண்டு இலக்கங்கள் தசமப் பகுதி. புள்ளியை அச்சிடாமல் விட்டிருக்கிறார்கள். நூறால் வகுத்தால் புள்ளி தன் இடத்துக்கு வந்துவிடும். ஆனால் இருநூறு? விளக்கத் தாளை மறுபடி எடுத்து நிதானமாகப் படித்தேன். ஒவ்வொரு வட்டாரப் பகுதியிலும் கணக்கெடுப்பை ஒரே மாதிரியாக நடத்தாமல், ஒன்றையொன்று சாராத இரண்டு உபமாதிரிகளாக நடத்துகிறார்கள். ஒவ்வோர் உபமாதிரியும் தனித்தே அந்தப் பகுதி முழுவதற்கும் கணக்குச் சொல்ல வல்லது. அதற்கேற்றபடிதான் பெருக்கியும் அமைந்திருக்கிறது. ஆகையால் இரண்டையும் சேர்த்து ஒரே கணக்காகப் போடும்போது, பெருக்கியைப் பாதியாக்க வேண்டும். ஓர் உபமாதிரியில் எடுத்த கிராமங்களின் அல்லது நகரப் பகுதிகளின் எண்ணிக்கை ஒரு பத்தியிலும், இரண்டு உபமாதிரிகளும் சேர்ந்த எண்ணிக்கை அடுத்த பத்தியிலும் இருக்கும். இரண்டும் சமமாக இருந்தால் அங்கே ஒரே உபமாதிரிதான் உண்டு என்று பொருள், நூறால் வகுத்தால் போதும். சமமில்லை என்றால் இருநூறு. நான் அந்தப் பத்திகளைத் தேவையற்றவை என்று நிரலின் முதல் வரியிலேயே தள்ளிவிட்டிருந்தேன். விளைவு, ஒவ்வோர் இந்தியனையும் ஏறக்குறைய இரண்டு முறை எண்ணியிருந்தேன்.

எதற்காக ஒரு காரியத்தை இரண்டு பாதியாகச் செய்கிறார்கள் என்ற கேள்விக்கு விடை, என் வீட்டிலிருந்து மெட்ரோ ரயிலில் காளிகாட்டில் ஏறினால் வடக்கே பராநகரில் இறங்கும் இடத்தில், இந்தியப் புள்ளியியல் கழகத்தில் இருக்கிறது.

பிரசாந்த சந்திர மஹலனோபிஸ் 1893-இல் கல்கத்தாவில் பிறந்தவர். பௌதிகம் படிக்கக் கேம்பிரிட்ஜ் சென்று, 1915-இல் ஊர் திரும்பும்போது பயோமெட்ரிகா என்ற பத்திரிகையின் தொகுதிகளை வாங்கிக் கப்பலிலேயே வாசிக்கத் தொடங்கினார் என்பார்கள். பிரஸிடென்ஸி கல்லூரியில் பௌதிக ஆசிரியராக இருந்துகொண்டே, பேக்கர் ஆய்வுக்கூடத்தில் தம் அறையின் ஒரு பகுதியில் புள்ளியியல் கூடம் ஒன்றை நடத்தினார். 1931 டிசம்பர் 17-இல் இந்தியப் புள்ளியியல் கழகம் உருவாயிற்று. 1933-இல் ஸாங்க்யா என்ற பத்திரிகை பிறந்தது. அந்தப் பத்திரிகையின் முதல் தொகுதியிலேயே அவர் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிரியமானது. ஹெர்பர்ட் ரிஸ்லி என்ற ஆங்கில அதிகாரி வங்காளத்து ஜாதிகளையும் குலங்களையும் அளந்து 1891-இல் அச்சிட்ட உடல் அளவுகளை எடுத்துக்கொண்டு, அச்சில் உள்ள அளவுகளும் அவற்றிலிருந்து கணித்ததாகச் சொல்லும் எண்களும் ஒன்றோடொன்று ஒத்து வருகின்றனவா என்று வரிவரியாக மறுபடி கணித்துப் பார்த்து, முரண்பாடுகளைத் திருத்தி வெளியிட்டார். நாற்பது ஆண்டுகளாகப் பலர் கையாண்ட எண்கள் அவை. புதிய சித்தாந்தம் எதையும் சொல்லி உலகத்தை வியக்க வைக்கும் ஆசை இருந்திருந்தால், பிறர் கணக்கைச் சரிபார்க்கும் இந்த வேலையில் ஒருவர் தம் காலத்தைச் செலவிட்டிருப்பாரா?

பிறகு 1937-இல் வங்காளத்தின் சணல் பயிரைக் கணக்கெடுக்கும் வேலை வந்தது. எவ்வளவு நிலத்தில் சணல் விளைகிறது என்பதை எல்லா வயல்களையும் பார்க்காமல் சில வயல்களைப் பார்த்தே சொல்ல வேண்டும். மாதிரி எடுப்பதனால் வரும் பிழையை அளக்கச் சூத்திரம் உண்டு. ஆனால் வயலுக்குப் போகாமலே ஆலமரத்தடியில் உட்கார்ந்து தாளை நிரப்புகிறவருடைய பிழைக்கு எந்தச் சூத்திரம்? தப்பான வரைபடத்தை வைத்துக்கொண்டு பக்கத்து வயலை அளந்தவருடைய பிழைக்கு? மஹலனோபிஸ் கண்ட உபாயம் எளியது, ஆனால் ஆழமானது. ஒரே பிரதேசத்தின் மேல் இரண்டு மாதிரிகளை, ஒன்றன் கண்ணிகளுக்குள் மற்றொன்றின் கண்ணிகள் ஊடுருவும் இரண்டு வலைகளைப் போல விரித்து, ஒரு மாதிரியை ஒரு குழுவிடமும் மற்றதை வேறொரு குழுவிடமும் ஒப்படைத்து, இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. இரண்டும் ஏறக்குறைய ஒத்து வந்தால் நம்பலாம். வெகுதூரம் விலகி நின்றால் எங்கோ யாரோ தவறியிருக்கிறார்கள் என்பது, யாரையும் குற்றம் சாட்டுவதற்கு முன்னாலேயே, தெரிந்துவிடும். 1950 அக்டோபரில் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் முதல் சுற்று தொடங்கியபோது அதன் திட்டமும் கணிப்பும் அந்தக் கழகத்தில் நடந்தன. அந்த வழியில் வந்த வழக்கம்தான், அறுபது ஆண்டுகளுக்குப் பின் எடுத்த 68-ஆவது சுற்றில், நான் அலட்சியமாகத் தள்ளிய இரண்டு பத்திகளாக இருந்துகொண்டிருந்தது.

பிழையைப் பிடிப்பதற்காக வைத்த ஏற்பாட்டை அறியாமையால் புறக்கணித்தே நான் பிழை செய்தேன் என்பது புரிந்தபோது, எனக்கு வெட்கத்தைவிட ஆச்சரியமே மிகுதியாக இருந்தது. அந்த அம்மையார் எனக்குச் செய்ததும் அதுவே அல்லவா? என் நிரலை வாசித்து அபிப்பிராயம் சொல்லவில்லை. என் இருபது வரிகளை என்னைச் சாராமல் தாமே ஒருமுறை கணித்து, தம் விடையை என் விடைக்குப் பக்கத்தில் வைத்தார். நான் இரண்டாவது உபமாதிரியைத் தூக்கி எறிந்தேன். அவர் எனக்கு இரண்டாவது உபமாதிரியாக வந்தார்.

மஹலனோபிஸின் பெயர் ஆர் மொழியிலேயே ஒரு கட்டளையாக இருக்கிறது என்பதை இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். 1936-இல் அவர் வெளியிட்ட பொதுமைப்படுத்திய தூரம் என்னும் கருத்து, பல அளவுகளால் வேறுபடும் இரண்டு கூட்டங்களுக்கு இடையே எவ்வளவு தொலைவு என்று காட்டுவது. அந்தக் கட்டளையை உபயோகிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது தருவது தூரம் அன்று, தூரத்தின் வர்க்கம். வர்க்கமூலம் எடுக்க மறந்து அந்த எண்ணையே தூரம் என்று எழுதிவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். உதவிக் குறிப்பின் முதல் வாக்கியத்திலேயே அது சொல்லப்பட்டிருக்கிறது.

மொத்தத்தை வேறொரு வழியால் சரிபார்ப்பது என்று சொன்னேனே, அதற்கு இதைவிடச் சிறந்த ஒரு திருஷ்டாந்தத்தை சி. ஆர். ராவ் தம் நூலில் எழுதியிருக்கிறார். 1941-இல் இளைஞராகக் கல்கத்தாவுக்கு வந்து, அதே புள்ளியியல் கழகத்தில் வளர்ந்து, 102 வயது வரையில் வாழ்ந்த மகான் அவர். 1947-இன் கலவர நாட்களில் தில்லிச் செங்கோட்டையில் அடைக்கலம் புகுந்தவர்கள் எத்தனை பேர் என்று யாராலும் உள்ளே சென்று எண்ண முடியவில்லை. அவர்களுக்கு உணவு கொடுக்கும் ஒப்பந்தக்காரர்கள் கேட்ட தொகையோ பெரிதாக இருந்தது. ஜே. எம். சென்குப்தா என்ற புள்ளியியலாளர், ஒப்பந்தக்காரர்கள் கணக்குக் காட்டிய அரிசி, பருப்பு, உப்பு ஆகியவற்றை, ஒருவருக்கு நாளொன்றுக்கு எவ்வளவு வேண்டும் என்று முன்னர் எடுத்த கணக்கெடுப்புகளால் தெரிந்த அளவால் வகுத்துப் பார்த்தார். மூன்று பொருள்களும் மூன்று வெவ்வேறு ஜனத்தொகையைச் சொல்லின. உப்பைக் கொண்டு கிடைத்த எண்தான் சிறியது. அதையே அவர் ஏற்றார். விலை மிகக் குறைந்த உப்பில் அதிகம் எழுதி யாருக்கு என்ன லாபம்? இந்தச் சம்பவத்தை நினைக்கும்போதெல்லாம், என்னுடைய ஒவ்வொரு கணக்கிலும் உப்பு எது என்று தேடுகிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. மீன் கணக்கில் என்னுடைய உப்பு, அந்த 121 கோடி.

பராநகர்க் கழகத்தில் மஹலனோபிஸின் காலத்தில் கணிப்பு என்பது கையால் சுழற்றும் இயந்திரங்களில் நடந்தது. 1953-இல் சமரேந்திர குமார் மித்ரா பத்து மாறிகள் கொண்ட சமன்பாடுகளைத் தீர்க்கும் ஒரு மின்னணுச் சாதனத்தை அங்கேயே அமைத்தார். 1955-இல் இங்கிலாந்திலிருந்து எச்.இ.சி. 2எம் என்னும் கணினி வந்து சேர்ந்தது; 1966-இல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து கழகம் தானே ஒரு கணினியைக் கட்டியது. அந்த எச்.இ.சி. கணினியின் ஞாபகத்தில் அடங்கும் சொற்கள் 1,024 மட்டுமே. அவ்வளவு குறுகிய இடத்தில் வேலை செய்தவர்களுக்கு, ஒரு பிரச்னையை இருபது வரியாகச் சுருக்கு என்று யாரும் உபதேசிக்க வேண்டியிருந்திராது.

இப்போது பலர், சக மனிதர்களைக் கேட்பதற்குப் பதிலாக உரையாடும் இயந்திரத்தையே கேட்கிறார்கள். நானும் கேட்கிறேன்; பூஜ்யப் பிழை போன்றவற்றை அது நொடியில் சொல்லிவிடக்கூடும். ஆயினும் அதனிடம் ஒரு நிரலை எழுதி வாங்கி, சரிதானா என்று அதனிடமே மறுபடி கேட்பது, முதல் மாதிரியை எடுத்த குழுவிடமே இரண்டாவது மாதிரியையும் ஒப்படைப்பதற்குச் சமம் என்பது என் அபிப்பிராயம். குறைந்தபட்சம் இருபது வரிகளைக் கையால் கூட்டி வைத்துக்கொண்டு கேளுங்கள்.

கேட்கிறவர்களிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. பிறர் தம் நேரத்தைக் கொடுத்து வழி காட்டியபின், "சரியாகிவிட்டது, நன்றி" என்று மட்டும் எழுதிவிட்டு, எது சரியாயிற்று, எப்படிச் சரியாயிற்று என்று சொல்லாமலே போய்விடுகிறவர்கள் அநேகம். அதே பிழையோடு மூன்று வருஷம் கழித்து வருகிற இன்னொருவர் அந்த வாசலில் வந்து நின்று வெறுங்கையோடு திரும்புகிறார். சொல்லுகிறவர்களிடமும் ஒரு வார்த்தை. முதல்முறை கேட்கிறவருக்குக் கேட்கத் தெரியாது. கடுமையாக ஒரு வரி எழுதுவதைக் காட்டிலும், "இருபது வரி கொடுங்கள்" என்று எழுதுவது நீளமானதன்று. எனக்கு அதைச் சொல்ல மாடியில் ஒரு தாதா இருந்தார். எல்லா வீட்டு மாடியிலும் அப்படி ஒருவர் இருப்பார் என்று எதிர்பார்க்க முடியுமா?

தமிழில் இந்தக் கணக்கெடுப்புக் கோப்புகளைக் கையாளும் முறையை விளக்கும் குறிப்பு ஒன்றும் என் கண்ணில் படவில்லை. மதுரையிலோ நெல்லையிலோ ஒரு கல்லூரியில் பொருளாதாரம் படிக்கும் மாணவி ஒருத்தி, தன் ஜில்லாவின் கணக்கை எடுத்துப் பார்க்க ஆசைப்பட்டு அந்த இலக்கக் காட்டுக்குள் நுழைந்தால், இருநூறால் வகுக்க வேண்டும் என்பதை அவளுக்குத் தமிழில் யார் சொல்வது? ஆகையால் என் இருபது வரி மாதிரியையும், திருத்திய நிரலையும், நான் செய்த இரண்டு பிழைகளையும் அப்படியே ஒரு பக்கமாக எழுதி வைத்திருக்கிறேன். வேண்டுகிறவர்கள் எழுதிக் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன். அனுப்பியபின் அதை உங்கள் கணினியில் ஒருமுறை ஓட்டிப் பார்த்து, உங்களுக்கு என்ன விடை வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.